வன்னிக்கு வான் பிடிச்சு ஒரு நாள் டூர் போறவை விடுற பிழையள்

ஆடி ஆவணி வந்தாலே கொழும்பு வெள்ளவத்தையில எங்கட வீட்டு ஹோலுக்குள்ள கால் வைக்க ஏலாது, எல்லாம் சூட்கேஸ்தான். லண்டன், ஸ்கார்பரோ, சூரிச் எண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வாற சொந்தக்காரர் ரெண்டு நாள் களைப்பாறினாப் பிறகு மெல்லமாத் தொடங்குவினம், "அந்தச் சண்டை நடந்த இடங்களையும் ஒருக்கா பிள்ளையளுக்குக் காட்டினா நல்லம் என்ன" எண்டு. ஆமிக்கும் புலியளுக்கும் நடந்து 2009 இல முடிஞ்ச சண்டையைத்தான் சொல்லுவினம், அதின்ர கடைசிப் பகுதி யாழ்ப்பாணத்துக்குத் தெற்க வன்னியில நடந்தது. பிறகென்ன, கேடிஎச் வான் பிடிக்கிறது, கைட் தேடுறது, மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்க நிப்பாட்டுறது எல்லாம் என்ர தலையில. இப்பிடி அஞ்சாறு தரம் போய் வந்திட்டன், அதில பாதித் தரம் பிழையாத்தான் போய் வந்தனான், அதால சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கு.

முதல் பிழை, "ஒரு நாள்" எண்ட கணக்கைக் கொழும்பில இருந்து தொடங்கிறது. யாழ்ப்பாணம் இங்க இருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். ஒருக்கா நாங்கள் விடியக்காலமை 3 மணிக்கு வெளிக்கிட்டம், புத்தளத்தில ஒரு ரீ, அனுராதபுரத்தில காலமைச் சாப்பாடு, வவுனியாவில சின்னவனுக்குச் சத்தி, இடையில ரெண்டு கோயில், சண்டை முடிஞ்ச இடமான முள்ளிவாய்க்காலுக்குப் போய்ச் சேர பின்னேரம் 4 மணி தாண்டிட்டுது. கைட் மணிக்கூட்டைப் பாத்திட்டுப் "பத்து நிமிசம்" எண்டார். அந்த இடத்துக்குப் பத்து நிமிசம். பெரிய மாமா வானை விட்டு இறங்கவே இல்லை, பிறகு ரெண்டு நாள் என்னோட சரியாக் கதைக்கவும் இல்லை. முதல் நாள் இரவே யாழ்ப்பாணத்திலயோ கிளிநொச்சியிலயோ போய்ப் படுங்கோ, காலமை 6 மணிக்கு வெளிக்கிடுங்கோ. யாழ்ப்பாணத்தில இருந்து எண்டால் முகமாலை, பளை, ஆனையிறவு, பரந்தனில திரும்பி ஏ35 றோட்டால புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், முல்லைத்தீவு. ஒரு நாளுக்கு அவ்வளவுதான். "வழியில கசூரினா பீச்சையும் போட்டுடலாம்" எண்டு ஒராள் சொல்லும், அது வழியிலயே இல்லை, அந்த ஆளின்ர கதையைக் கேக்காதேங்கோ. தொப்பியும் தண்ணியும் கட்டாயம், ஆனையிறவு வெட்டை வெயிலில உச்சிப்பொழுதுக்கு நிண்டு பாத்தா ஏன் சொல்லுறன் எண்டு விளங்கும்.

அடுத்தது கைட். கொழும்பில புக் பண்ணேக்க விலையைக் கேக்கிறம், ஏசி இருக்கோ எண்டு கேக்கிறம், கைட்டுக்குத் தமிழ் தெரியுமோ எண்டு கேக்கிறேல்லை. ஒருக்கா வந்தவருக்குத் தமிழில "வணக்கம்" மட்டும்தான் தெரியும், ஆள் நல்ல மனுசன், ஆனா மனப்பாடம் பண்ணின கதை, நிமிசத்துக்கொருக்கா "பயங்கரவாதிகள்", பின் சீற்றில இருந்த மாமியின்ர தம்பி அந்தச் சண்டையில போனவர் எண்டு அவருக்கெப்பிடித் தெரியும். சரி எண்டு அடுத்த வருசம் தமிழ்ப் பொடியன் ஒருத்தனைப் பிடிச்சன், அவன் மற்றப் பக்கத்துக்கு ஒரே வீரக்கதை, "வீட்டுக்கு ஒரு ஆள்" எண்டு புலியள் பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போன கதை வரவே இல்லை, 1990 ஒக்டோபரில வடக்கு முஸ்லிம் சனத்தை எழுப்பிவிட்ட கதையும் வரேல்லை. அந்தமுறை வானுக்குள்ள வாய் திறக்காமல் இருந்தது வேற ஒரு அன்ரி.

நான் இப்ப ஒரு சின்ன டெஸ்ட் வச்சிருக்கிறன். போன் எடுத்து "ஆனையிறவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ" எண்டு கேப்பன். 1991 இல அங்க இருந்த ஆமி முகாமைப் புலியள் சுத்தி வளைச்சுக் கிட்டத்தட்ட ஒரு மாசம் அடிச்சும் பிடிக்க ஏலாமல் போனது. 2000 சித்திரையில பிடிச்சவை. 2009 தையில ஆமி திருப்பிப் பிடிச்சது. மூண்டும் ஒரே உப்புவெளியில நடந்ததுதான், ஆனா ஆள் எந்த வருசத்தில இருந்து கதையைத் தொடங்கி எந்த வருசத்தில நிப்பாட்டுறார் எண்டு பாத்தாலே நாள் முழுக்க எப்பிடிப் போகும் எண்டு தெரிஞ்சிடும். மூண்டையும் சொல்லுற ஆள் கிடைச்சா விடாதேங்கோ, காசு கொஞ்சம் கூடக் கேட்டாலும் குடுங்கோ.

இனி, கண்ணுக்குத் தெரியிற நினைவுச்சின்னம் மட்டும்தான் இருக்கு எண்டு நினைக்கிறது. ஆனையிறவில 1991 சண்டையில எரிஞ்ச இரும்புக் கவசம் போட்ட புல்டோசரும், இலங்கைப் படத்தைத் தூக்கிப் பிடிச்ச கையளும் நிக்கும். கிளிநொச்சி டவுனுக்குள்ள குண்டு துளைச்ச பெரிய சீமெந்துக் கட்டி, மேல தாமரைப் பூ. புதுக்குடியிருப்புப் பக்கம் தண்ணிக்கு நடுவில துவக்கோட ஒரு ஆமிச் சிலை. எல்லாம் வெண்ட பக்கம் கட்டினது, போர்ட் இருக்கும், பார்க்கிங் இருக்கும், வான் தானா நிக்கும். போர்ட் இல்லாத இடத்தில வான் நிக்காது. செத்த புலியளைப் புதைச்ச துயிலும் இல்லங்களைச் சண்டை முடிஞ்ச கையோட இடிச்சுப் போட்டாங்கள், கோப்பாயில அதுக்கு மேலயே ஆமித் தலைமையகம் கட்டினது, கிளிநொச்சி கனகபுரத்தில உடைஞ்ச கல்லுகளைப் பிறகு சனமே திரும்பப் பொறுக்கிக் குவிச்சு வச்சது. உங்கட பிளானில அப்பிடி ஒரு இடமாவது இருக்கோ எண்டு முன்கூட்டியே கேளுங்கோ, அங்க போனா என்ன செய்யிறதெண்டு தெரியாமல் சும்மா நிண்டாலும் பரவாயில்லை. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 மாசி 20 இல காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமார் போராட்டம் தொடங்கி வருசக்கணக்கா இருந்தவை. அப்பிடி எங்கயாவது படங்களோட இருக்கிற அம்மாமாரைக் கண்டா கண்ணாடியை இறக்கி போனை நீட்டாதேங்கோ, இறங்கிப் போய் பக்கத்தில இருங்கோ. ஏலாதெண்டால் பேசாமல் போங்கோ.

மிதிவெடி விசயத்தில பகிடி வேண்டாம். முகமாலைப் பக்கம் வருசக்கணக்கா ரெண்டு தரப்புக்கும் முன்னரங்கு, அதால நாட்டிலயே மோசமான மிதிவெடி நிலங்களில அது ஒண்டு. ஹலோ ட்ரஸ்ட் மாதிரி ஆக்கள் 2002 இல இருந்து வடக்கில வெடி எடுத்துக்கொண்டு இருக்கினம். றோட்டில பயமில்லை. பயம் எங்க எண்டால், எங்கட ஆக்கள் ஒண்டுக்குப் போறதுக்கு நல்ல மறைவா ஒரு பத்தை தேடுறதிலதான், அதுகும் சிவப்புப் போர்ட்டில மண்டையோடு கீறி மூண்டு பாசையிலயும் எழுதி இருக்கேக்க. பெற்றோல் செட்டில போங்கோ, கடையில கேளுங்கோ, ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லமாட்டினம்.

நிலத்தில கிடக்கிறதை எடுக்கிறதும் பிழை. வெடிக்கும் எண்ட பயம் ஒரு பக்கம். நான் முதல்தரம் முள்ளிவாய்க்காலுக்குப் போனபோது மணலுக்குள்ள கிழிஞ்ச சீலை, நசுங்கின கேத்தில், ஒத்தைச் செருப்பு எல்லாம் கிடந்தது. மச்சான்ர மகள், அப்ப பதினொரு வயசு, அலுமினியக் கரண்டி ஒண்டை எடுத்துப் பாவாடையில துடைச்சு "ஸ்கூலுக்குக் கொண்டுபோய்க் காட்டட்டோ மாமா" எண்டு கேட்டாள். கைப்பிடியில ஊசியால குத்தின மாதிரி ஒரு எழுத்து, "க" வெட்டி இருந்தது, எங்கட அம்மம்மா சபை சந்திக்குக் குடுத்துவிடுற சாமானில மாறுப்படாமல் இருக்க வெட்டி விடுவா, அதே மாதிரி. ஏன் வைக்கச் சொல்லுறன் எண்டு விளக்க எனக்கு வாய் வரேல்லை. அவளே எடுத்த குழிக்குள்ள திரும்ப வச்சு மணலைத் தள்ளி மூடினாள்.

படம் எடுக்கிறதெண்டால் ஆமி, நேவி முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதேங்கோ, வட்டுவாகல் பாலத்தடியில கவனம். ட்ரோன் அனுமதி இல்லாமல் பறக்கவிட ஏலாது, லண்டனில இருந்து கொண்டுவந்தது எண்டு சொன்னாலும் ஏலாது. செல்ஃபியைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை, எடுக்கிறவைக்குச் சொல்லியும் பிரயோசனமில்லை.

வைகாசி 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள், கார்த்திகை 27 செத்த புலியளை நினைக்கிற மாவீரர் நாள், ரெண்டு நாளும் டூர் நாள் இல்லை. "அண்டைக்குப் போனா எல்லாத்தையும் பாக்கலாமே" எண்டு ஒரு டூர்காரர் எனக்கே சொன்னவர். செத்தவீட்டுக்கு வேடிக்கை பாக்கப் போறதில்லை தானே. அழப் போறதெண்டால் போங்கோ. வைகாசியில கஞ்சி குடுப்பினம், அரிசியும் தண்ணியும் உப்பும்தான், கடைசி நாட்களில சனத்துக்குக் கிடைச்சது அவ்வளவுதான். தந்தா வாங்கிக் குடியுங்கோ, சுகர் இருக்கு பிரஷர் இருக்கு எண்டு அந்த இடத்தில கதைக்காதேங்கோ.

முழங்கால் ஏலாத ஆக்களை இவ்வளவு தூரம் இழுக்கத் தேவையில்லை, கொழும்பிலயே அரை நாளுக்கு இருக்கு. விகாரமகாதேவி பார்க்கில முதலாம் உலகப்போர்த் தூண், முதல் காலிமுகத்திடலில நிண்டது, ரெண்டாம் உலகப்போர் நேரம் ஜப்பான்காரனுக்கு அடையாளம் காட்டிப்போடும் எண்டு கழட்டிக் கொண்டுவந்து வச்சது. பார்லிமென்ற் பக்கம் போனா 1987 தொடக்கம் 1990 வரைக்கும் இங்க செத்த இந்திய ஆமிக்காரர் ஆயிரத்துச் சொச்சம் பேரின்ர பெயர் கல்லில இருக்கு. அதைப் பாத்திட்டு மாமி கேட்ட கேள்வி, "அப்ப எங்கட சனத்தின்ர பெயர் எங்க வெட்டி இருக்கு?" கைட் ஜூஸ் கடைக்குப் போவம் எண்டார்.

எல்லாத்திலயும் பெரிய பிழை ஏ35 இல வானை ஓட விடுறது. பரந்தனில இருந்து முல்லைத்தீவுக்கு 50 கிலோமீற்றர் சொச்சம், கார்பெற் றோட்டு, ஏசி போட்டா ஒரு மணித்தியாலம், பிள்ளையள் யூடியூப் பாத்து முடியிறதுக்குள்ள வந்திடும். 2008 கடைசியில இருந்து 2009 வைகாசி வரைக்கும் சனம் ட்ரக்டரிலயும் சைக்கிளிலயும் நடந்தும் கிழக்க கிழக்கப் போனது இந்த றோட்டாலயும் பக்கத்து ஒழுங்கையளாலயும்தான். ஒவ்வொரு ஊரிலயும் பங்கர் வெட்டி, செல் விழ விழ அதையும் விட்டிட்டு அடுத்த ஊருக்கு. 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம் எண்டு 2011 இல ஐநா நிபுணர் குழு அறிக்கையில வந்தது, அந்தக் கணக்கில வானுக்குள்ள இருந்து சண்டை பிடிக்காதேங்கோ, யன்னலால வெளிய பாருங்கோ. ட்ரைவரிட்ட மெல்லமா ஓடச் சொல்லுங்கோ, ஊர்ப் பெயர் போர்ட்டுகளை ஒவ்வொண்டா வாசியுங்கோ.

சனத்திட்ட நேர கேள்வி கேக்கிறதையும் இதோட சேர்த்துச் சொல்லோணும். புதுக்குடியிருப்பில ஒரு சாப்பாட்டுக்கடை, அம்மா ஒராள் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு நிக்கிறா, லண்டன் மச்சான் திடீரெண்டு "அந்த நேரம் நீங்கள் இங்கயோ இருந்தனீங்கள்? ஆக்கள் ஆரும் செத்தவையோ?" எண்டு கேட்டிட்டான், அவன் கெட்டவனில்லை, கேக்கோணும் எண்டு வீட்டில இருந்தே நினைச்சுக்கொண்டு வந்தவன். அம்மா பேப்பர் கிழிக்கிறதை ஒரு கணம் நிப்பாட்டினா. "ஓம்" எண்டா. "பிளேன்டீக்கு இஞ்சி போடட்டோ தம்பி" எண்டு கேட்டா.

எல்லாரும் வானுக்குப் போனாப் பிறகு நான் மட்டும் காசு குடுக்க நிண்டன். இடது முழங்கைக்கு மேல தழும்பு, உள்ளுக்க இன்னும் செல் பீஸ் இருக்கெண்டு அவவேதான் சொன்னா, மழைக்குக் குளிர்ந்தா குத்துமாம். நான் ஒண்டும் கேக்கேல்லை. லாச்சிக்குள்ள சில்லறை தேடித் தேடி, பஸ் கண்டக்டர் மாதிரி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனா, "தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பிறகு முள்ளிவாய்க்கால். மாத்தளன் வரைக்கும் அஞ்சு பேர்." லாச்சியை மூடினா. "இருவது ரூவா மாத்தி இல்லைத் தம்பி, ரெண்டு டொபி தரட்டோ?"

ரெண்டு டொபியையும் வாங்கி சேட் பொக்கெற்றுக்குள்ள போட்டுக்கொண்டு வானுக்குப் போனன். கைட் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிண்டார்.