கோதுமை மாவு நல்லா செரிக்கணும்னா அதைக் கொஞ்சம் புளிக்க விடுங்க

யாங்கோன்ல நம்ம ஆளுங்க காலைல டீக்கடைல நான்பியாவோ (தந்தூர் அடுப்புல சுடுற ரொட்டி) பலாட்டாவோ (நம்ம பரோட்டா) சாப்பிட்டுட்டு மத்தியானம் வரைக்கும் வயிறு திம்முனு இருக்குன்னு சொல்லுவாங்க, உடனே கோதுமையே நமக்கு ஒத்துக்காது சோறுதான் சரின்னு முடிவு கட்டிடுறாங்க. அவசரப்படாதீங்க. பலாட்டாவுல எண்ணெயும் மந்தம் பண்ணும், அது போக மாவை எப்படிப் பக்குவம் பண்றோம்ங்குறதுலயும் நிறைய இருக்கு.

கோதுமைப் புரதத்துல முக்கால்வாசிக்கு மேல குளூட்டன்தான், தண்ணி விட்டுப் பிசைஞ்சா மாவு சவ்வா இழுக்குதே அது இதனாலதான். இதுல புரோலின்ங்குற அமினோ அமிலம் ஜாஸ்தி, அது இருக்குற எடத்துல புரதத்த வெட்டிச் செரிக்க வைக்குற நொதிங்களான நம்ம வயித்து பெப்சினும் கணையத்துலேர்ந்து வர்ற டிரிப்சினும் சரியா வெட்டாது. 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு செரிமான நொதி எதுக்கும் உடையாம நிக்குதுன்னு 2002லயே ஆராய்ச்சில காட்டிட்டாங்க.

அதனால நாம செய்ய வேண்டியது, வயித்துக்குப் போறதுக்கு முன்னாடியே வெட்டுற வேலைய கொஞ்சம் ஆரம்பிச்சு வைக்குறதுதான். ராத்திரி 2 கப் ஆட்டா மாவுல உப்பு போட்டு, கால் கப் புளிச்ச தயிர் ஊத்தி, தேவையான தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு மூடி வைங்க, முந்தின தடவை புளிச்ச மாவுல ஒரு உருண்டை எடுத்து வச்சிருந்தா அதையும் சேர்த்துப் பிசைங்க, அதுதான் இன்னும் நல்லா வேலை செய்யும். புளிப்பு ஏற ஏற மாவுக்குள்ளயே இருக்குற புரதம் வெட்டுற நொதிங்க முழிச்சுக்கும், அதுங்க வெட்டிப் போட்டத பாக்டீரியா இன்னும் பொடிசாக்கும். குளிர் நாள்ல ராத்திரி பூரா விடலாம், ஏப்ரல் வெயில்ல நாலஞ்சு மணி நேரமே போதும். ஒரு துண்டு கிள்ளி இழுத்துப் பாருங்க, புதுசா பிசைஞ்ச மாவு நீளமா வரும், புளிச்சது சீக்கிரம் அறுந்துடும், தோசை மாவு வாசமும் வரும், அப்போ கல்லைப் போடுங்க. இன்னும் விட்டா கையெல்லாம் ஒட்டிக்கிட்டு தேய்க்கவே முடியாது. இப்படிப் புளிக்கும்போது ஃபிரக்டான்ங்குற ஒரு கார்போஹைட்ரேட் வகையும் குறையும், நிறைய பேருக்கு வயிறு உப்புறதுக்கு குளூட்டனை விட இதுதான் காரணம்.

சுடும்போது உள்ள பச்சையாவும் இருக்கக்கூடாது, மேல கருகவும் கூடாது. ரொம்ப சூட்டுல லைசின்ங்குற அமினோ அமிலம் சர்க்கரையோட சேர்ந்துக்கும், அப்புறம் அது உடம்புக்குப் பயன்படாது. கோதுமைல லைசின் ஏற்கனவே கம்மி. சோடா நிறைய போட்டாலும் லைசின் கெடும், அதனால ஈச்சாக்குவேவ (எண்ணெயில பொரிச்ச நீளமான மாவு ரொட்டி) தினமும் சாப்பிட வேணாம். ஆனா நான்பியாவோட முளைகட்டி அவிச்ச பட்டாணி வச்சுத் தர்றாங்க பாருங்க, அத மட்டும் விட்டுடாதீங்க, ரொட்டில கம்மியா இருக்குற லைசின் பட்டாணில தாராளமா இருக்கு, ரொம்ப நல்ல ஜோடி.

இப்போ முக்கியமான விஷயம். சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டா சிறுகுடல் பாதிக்குற நோய்) உள்ளவங்களுக்கு இது எதுவுமே பொருந்தாது, எவ்வளவு புளிக்க வச்சாலும் வீட்டு மாவுல குளூட்டன் மிச்சம் இருக்கும், குளூட்டன் இல்லாததுன்னு சொல்லணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. மீன் குழம்புல நூடுல்ஸ் போட்டுத் தர்ற மொய்ங்கால அரிசி நூடுல்ஸ்தானேன்னு நினைப்பாங்க, மேல வெட்டிப் போடுற ஈச்சாக்குவே மைதா, சோயா சாஸ்லயும் பெரும்பாலும் கோதுமை இருக்கும். அடிக்கடி பேதி, எடை குறையுறது, ரத்தசோகைன்னு இருந்தா நீங்களா கோதுமைய நிறுத்திடாதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட போய் ரத்தப் பரிசோதனை எடுங்க, ஏன்னா முன்னாடியே நிறுத்திட்டா நோய் இருந்தாலும் ரிசல்ட்ல இல்லைன்னு வந்துடலாம்.