குளிர் கோளத்துக்குள் எண்ணிக்கை எப்படி வந்தது? என் அனுபவம்

டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கக் கரைசல் நிரப்பிய ஃபேண்டத்தை (உடலுக்குப் பதிலாக வைக்கும் சோதனை மாதிரி) ஸ்பெக்ட்-சிடியில் (காமா கேமராவும் சிடி ஸ்கேனும் சேர்ந்த கருவி) படம் எடுத்தேன். அதற்குள் இருக்கும் கதிரியக்கமே இல்லாத 'குளிர்' கோளம் கறுப்பாகத் தெரிய வேண்டும். சாம்பல் நிறத்தில் தெரிந்தது. சிடி கொண்டு தணிவுத் திருத்தம் (வழியில் இழந்த ஃபோட்டான்களை ஈடுகட்டுவது) போட்டதும் நடுப்பகுதி மேலும் பிரகாசமானது.

காரணம் காம்ப்டன் சிதறல்: ஃபோட்டான் எலக்ட்ரானில் மோதி, கொஞ்சம் ஆற்றலை இழந்து திசை மாறுவது. 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் 45 டிகிரி திரும்பினாலும் ஏறத்தாழ 130 மிச்சம் இருக்கும். கேமரா ஏற்கும் ஆற்றல் எல்லையான 20% சன்னலோ 126 முதல் 154 வரை. திசை மாறி வந்ததையும் கேமரா நேராக வந்ததாகவே கணக்கில் சேர்த்துவிடும். சன்னலைக் குறுக்குவது சரிப்படாது. ஃபோட்டானை உணரும் சோடியம் அயோடைடு படிகத்தின் ஆற்றல் பிரிதிறனே (ஆற்றலை அளப்பதில் வரும் பரவல்) சுமார் 10%. நல்ல ஃபோட்டான்களும் போய்விடும்.

தணிவுத் திருத்தம் நிலைமையை மோசமாக்கியதும் இதனால்தான். நீருக்கு செ.மீ.க்கு 0.15 என்ற குணகம் சிதறல் இல்லாத கற்றைக்கானது. சிதறல் கலந்த தரவில் அது மிகைத் திருத்தம்.

120–126 துணைச் சன்னல் ஒன்றைச் சேர்த்தேன். பிரதான சன்னலின் அகலம் 28, இதன் அகலம் 6. மேல் விளிம்பில் சிதறல் பூஜ்ஜியம் என்று கொண்டால் பாதிதான் எடுக்க வேண்டும்; ஆகவே இதன் எண்ணிக்கையை 28/12 ஆல் பெருக்கினால் பிரதான சன்னலின் சிதறல் மதிப்பீடு கிடைக்கும். குறுகிய சன்னல் என்பதால் இரைச்சல் அதிகம். மென்மையாக்கியே பயன்படுத்த வேண்டும். அந்த மதிப்பீட்டை வீழல் படத்திலிருந்து (ஒவ்வொரு கோணத்திலும் கேமரா எடுத்த படம்) நேரடியாகக் கழிக்காமல், மீள்கட்டமைப்பின் முன்வீழலில் (உருவாகும் படத்திலிருந்து கேமரா பதிவைக் கணித்துப் பார்க்கும் படி) கூட்டினேன். எதிர்மறை எண்கள் வராத இந்த வழியே எனக்குப் பிடித்தது. கோளம் தெளிவாகக் கறுத்தது.

அயோடின்-131 எடுப்பவர்கள் பிரதான சன்னலுக்கு மேலான ஆற்றலிலும் ஒரு துணைச் சன்னலைக் கட்டாயம் வையுங்கள். 637, 723 ஃபோட்டான்கள் சிதறி 364 சன்னலுக்குள் இறங்கிவிடும்.