மயக்கம் வருவதுபோல் தோன்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதற்றம் உள்ளவர்கள் "மயக்கமாக வருகிறது" என்று சொல்லும்போது, அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு அனுபவங்கள் இருக்கக்கூடும். நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, தலை லேசாகி, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போய், இதோ விழுந்துவிடுவோம் என்று தோன்றுவது ஒன்று. ஊசியையோ ரத்தத்தையோ பார்த்த மாத்திரத்தில் வியர்த்துக் கொட்டி, கண் இருட்டி, உண்மையிலேயே சரிந்து விழுவது இன்னொன்று. மூன்றாவதில் தலை சுற்றுவதே இல்லை. எதிரில் இருக்கும் மனிதரும் சுவரும் ஏதோ கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோலவும், பேசுவது தன் குரல்தானா, அசைவது தன் கைதானா என்பதுபோலவும் எல்லாம் தன்னைவிட்டு விலகி நிற்கும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கருதி ஒரே வைத்தியம் பார்ப்பதுதான் முதல் தவறு. ஏனென்றால் ஒன்றுக்கு உதவுவது மற்றொன்றில் நிலைமையை மோசமாக்கிவிடலாம்.

முதல் வகையை நான் உடம்பால் அறிந்தவன். நெரிசலான மாநகரப் பேருந்தில், மேல்கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த ஒரு மாலையில், காற்றே போதவில்லை என்ற எண்ணம் திடீரென வந்தது. வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கினேன். இரண்டு நிமிடத்திற்குள் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் கூசத் தொடங்கி, பிறகு விறைத்து, பிரித்தெடுக்கவே முடியாதபடி உள்நோக்கி மடங்கிக்கொண்டன. பக்கத்தில் ஊதிய நடத்துநரின் விசில் அடுத்த தெருவில் ஒலிப்பதுபோல் கேட்டது. பக்கவாதம் என்றே நினைத்தேன். உண்மையில் அத்தனையும் நான் வாங்கிய மூச்சின் விளைவு என்பதைப் பின்னாளில் ஒரு மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயுவின் அளவு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால்தான் கிறுகிறுப்பு வருகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால் நரம்புகள் எளிதில் தூண்டப்பட்டு, விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு உண்டாகிறது. அந்த நேரத்தில் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் 98 அல்லது 99 காட்டும். அதாவது, பிராணவாயு குறையவில்லை. ஆகவே "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் அக்கறையோடு சொல்லும் அறிவுரை, எரிகிற அடுப்பில் இன்னொரு விறகைச் செருகுவதாகிவிடுகிறது. செய்ய வேண்டியது, மூச்சை வெளியே விடும் நேரத்தை நீட்டுவது: மூக்கு வழியாக மெதுவாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. ஆழத்தைவிட நிதானமே இதில் முக்கியம். காகிதப் பையை வாயில் பிடித்து அதற்குள்ளேயே மூச்சு விடும் பழைய முறையை மருத்துவர்கள் இப்போது பரிந்துரைப்பதில்லை. மூச்சுத் திணறலுக்குக் காரணம் ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகும்.

பீதி ஏறும்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் பொதுவாகக் கூடுகின்றன. ஆனால் ஒருவர் மயங்கி விழுவதற்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். எனவே, விழப்போகிறோம் என்று ஆயிரம் முறை தோன்றினாலும் பீதியால் மட்டும் மயங்கி விழுவது மிக அரிது. இந்த ஒரு செய்தியை யாராவது முன்னமே சொல்லியிருந்தால் எனக்குச் சில ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது வகை இதற்கு நேர்மாறானது. ரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றைக் கண்டு அஞ்சுபவர்களுக்குத் துடிப்பு முதலில் சற்று ஏறி, பிறகு துடிப்பும் அழுத்தமும் இரண்டுமே தடாலென்று விழுகின்றன. இவர்களிடம் "உடம்பைத் தளர்த்திக்கொள்ளுங்கள்" என்பது தவறான யோசனை; தளர்த்தினால் அழுத்தம் இன்னும் இறங்கும். சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1980களில் இவர்களுக்கென்றே ஒரு பயிற்சியை வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி வரை, முகத்தில் சூடு ஏறுவதை உணரும் அளவுக்கு இறுக்கிப் பிடித்து, பிறகு இயல்பு நிலைக்கு விட்டு, அரை நிமிடம் போல் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. ரத்தப் பரிசோதனைக்குப் போகுமுன் வீட்டிலேயே பழகிக்கொண்டால், பஞ்சில் ஸ்பிரிட் வாசனை வரும்போது கை தானாக அதைச் செய்யும். ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொண்டு மற்றவற்றை இறுக்கினால் போதும்.

உண்மையாகவே ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால், நம் ஊரில் நடப்பவை பெரும்பாலும் தவறானவையே. தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். மூளைக்கு ரத்தம் திரும்புவதை அது தாமதப்படுத்தும். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுகிறார்கள். நினைவில்லாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். விழுந்தவருக்குச் சில நொடிகள் கைகால் வெட்டி இழுப்பது சாதாரண மயக்கத்திலும் நேரும் என்பது தெரியாமல், வலிப்பு என்று முடிவு கட்டிச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். வலிப்பாகவே இருந்தாலும் இரும்பால் அது நிற்பதில்லை. மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, காற்றோட்டத்துக்கு இடம்விட்டு நின்றால் போதும். பெரும்பாலோர் ஒரு நிமிடத்துக்குள் கண் விழித்துவிடுவார்கள். விழித்த உடனே எழுந்து நிற்க விடக்கூடாது.

மூன்றாவது வகையைப் பற்றி நம்மிடையே பேச்சே குறைவு. அதனால் அதற்கு ஆளானவர்கள் தமக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்றே முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் நொறுங்கிப்போகிறார்கள். கடும் பதற்றத்தின்போது மனம் உணர்ச்சியின் வேகத்தை மட்டுப்படுத்திக்கொள்வதால் இப்படி நேர்கிறது என்று விளக்குவார்கள். உறக்கமின்மையும் கஞ்சாப் பழக்கமும் இதைத் தூண்டும். உலகம் நிஜமில்லாதது*போல்* இருக்கிறது என்று அவர் சொல்கிறார் அல்லவா, அந்தப் "போல்" என்ற சொல்லில்தான் ஆறுதல் இருக்கிறது. அவருக்கு நிஜம் எது என்று தெரிந்தே இருக்கிறது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோயில் இந்தத் தெளிவு பெரும்பாலும் இருப்பதில்லை.

இந்நிலையில் பலரும் செய்யும் தவறு, தம்மையே சோதித்துப் பார்ப்பது. கண்ணாடியில் முகத்தை உற்றுப் பார்ப்பது, கையைக் கிள்ளிப் பார்ப்பது, "இப்போது சரியாகிவிட்டதா" என்று நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்பது. எந்தச் சொல்லையும் திரும்பத் திரும்பச் சொன்னால் அது பொருளற்றுப்போவதுபோல, உற்றுப் பார்க்கப் பார்க்க முகமும் அந்நியமாகும். கண்ணை மூடித் தியானத்தில் அமர்வதும் சிலருக்கு அந்த விலகலைக் கூட்டிவிடும். கவனத்தை வெளியே திருப்புவதே நல்லது. எனக்கு இப்படி வந்த ஒரு நாளில், என் அக்கா எதுவும் விசாரிக்காமல் தெருவில் நடத்திக் கூட்டிச்சென்று, கடைகளின் பெயர்ப் பலகைகளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். கையில் ஒரு குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலையும் கொடுத்தாள். பதினைந்தாவது பலகையிலோ இருபதாவதிலோ, பழக்கடையின் மஞ்சள் மறுபடி மஞ்சளாகத் தெரிந்தது. அது உடனே விலக வேண்டும் என்று வற்புறுத்தாமல், செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்வதே அதைக் கடக்கும் வழி.

அந்த நிமிடங்கள் கடந்தபின் செய்யும் தவறுகள் இவற்றைவிட நீண்டகாலம் துன்புறுத்துபவை. பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும். உச்சத்திலேயே அந்த இடத்தைவிட்டு ஓடிவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் எழுதி வைத்துக்கொள்கிறது. நான் ஒன்றரை வருடம் பேருந்தில் படிக்கு அருகில் மட்டுமே நின்றேன். பையில் தண்ணீர், குளுக்கோஸ், மாத்திரை அட்டை இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகவில்லை. ஒவ்வொன்றும் பாதுகாப்புபோல் தெரிந்தது. ஒவ்வொன்றும் "இது இல்லாவிட்டால் நீ விழுந்துவிடுவாய்" என்றே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவற்றைச் சிறிது சிறிதாக, ஒருமுறைக்கு ஒன்றாக விட்டபோதுதான் தேறினேன். தெரிந்தவரின் சீட்டில் எழுதிய, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வதும், மருத்துவர் தந்ததைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. இவ்வகை மருந்துகளுக்கு உடல் அடிமையாகும், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

இவ்வளவு சொன்னபின், எல்லாமே பதற்றம்தான் என்று தள்ளிவிடுவதும் தவறு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதன்முறையாக மயங்கி விழுந்தவர் காரணம் என்ன என்று மருத்துவரிடம் பார்த்தே ஆக வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரைக் குறைவு, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் இப்படித் தோன்றலாம். ஓடும்போதோ மாடி ஏறும்போதோ விழுவது, முன்னறிகுறியே இல்லாமல் விழுவது, நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் சோர்வது, பேச்சு குழறுவது, நாக்கைக் கடித்துக்கொள்வது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது ஆகியவை இருந்தால் தாமதிக்கக்கூடாது. நெஞ்சுவலியோ பக்கவாத அறிகுறியோ தென்பட்டால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. மனநல ஆலோசனைக்கு இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணும், இலங்கையில் 1926 என்ற எண்ணும் உள்ளன.

மருத்துவரிடம் போகும்போது "மயக்கம் வருகிறது" என்று மட்டும் சொல்லாமல், நின்றுகொண்டிருந்தீர்களா உட்கார்ந்திருந்தீர்களா, எத்தனை நிமிடம் நீடித்தது, நினைவு தப்பியதா, கண் இருட்டியதா அல்லது எல்லாம் தூரமாகத் தெரிந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மூன்றில் எது உங்களுடையது என்பதை அவர் கண்டுபிடிக்க ஈசிஜிக்கு நிகராக அந்தத் தாளும் உதவும்.