எல்எல்எம் (சட்ட முதுநிலை) படிக்க ஸ்காலர்ஷிப்பில் வெளிநாடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் எங்கள் சேம்பர் ஜூனியர் ஒருவர் பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கான கட்டுரைகளைக் கொண்டுவந்து காட்டினார். நன்றாகவே எழுதியிருந்தார். மூன்று படிப்புகளைக் குறிப்பிடும் இடத்தில் எந்தப் பாடத்துக்காக எந்தப் பல்கலைக்கழகம் என்றும் விளக்கியிருந்தார். "இந்தப் பாடங்கள் வர்ற வருஷம் நடக்குமா?" என்று கேட்டேன். "வெப்சைட்ல போட்டிருக்கே சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படித்தான் நம்பிப் போனேன்.

கடைசித் தேதி, பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டியலில் இருக்கும் பாடம் நடக்கும் என்று நம்புவது

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. வக்கீல் தொழிலைத் தொடங்கியதே துறைமுகம் சார்ந்த வழக்குகளில்தான். கப்பல் வழக்குகளுக்கான 2017ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் காலத்துப் பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, சென்னை உட்பட எட்டு உயர் நீதிமன்றங்களுக்கு அவற்றை விசாரிக்கும் அதிகாரத்தை அது வரையறுத்துக் கொடுத்தது. கப்பலை அரெஸ்ட் செய்து பாக்கியை வசூலிப்பது பற்றி ஆழமாகப் படிக்க வேண்டும் என்று இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தேன். ஸ்காலர்ஷிப் நேர்காணலிலும் அதைத்தான் சொன்னேன்.

செப்டம்பர் கடைசியில் பாடங்களைப் பதிவு செய்யப் போனால், அந்தப் பாடமே இல்லை. நடத்துகிற பேராசிரியர் அந்த ஆண்டு ஆய்வு விடுப்பில் இருந்தார். 'விருப்பப் பாடங்கள் எல்லாம் ஒவ்வொரு ஆண்டும் நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது' என்ற வரி வெப்சைட் பக்கத்தின் அடியில் இருந்திருக்கிறது. நான் அதுவரை கீழே போய்ப் பார்க்கவில்லை. சரி, கடல்சார் காப்பீடாவது எடுக்கலாம் என்று பார்த்தால் அதில் இடம் நிரம்பிவிட்டது. கடைசியில் 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை வகுப்பில் உட்கார்ந்தேன். கடல் எல்லை, கண்டத்திட்டு, மீன்வளம் என்று அருமையான பாடம்தான். ஆனால் கப்பலுக்கு டீசல் போட்டுவிட்டுப் பணம் வராமல் தவிக்கும் தூத்துக்குடி வியாபாரிக்கு அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. வேண்டியதை ஊர் திரும்பிய பிறகு இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து படித்தேன்.

இன்னமும் இதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. காரணம், அங்கே எல்எல்எம் ஒரே வருடம். வழக்கமாக 180 கிரெடிட். அதில் ஒரு பெரிய பங்கு ஆய்வேட்டுக்குப் போய்விடும். வகுப்பு நடப்பது இரண்டு பருவம்தான். விட்ட பாடத்தை அடுத்த வருடம் பிடிக்கலாம் என்றால், அடுத்த வருடம் என்பதே கிடையாது.

அதனால் விண்ணப்பிக்கும் முன்பே துறை அலுவலகத்துக்கு மெயில் அனுப்புங்கள். இந்தப் பாடம் கடந்த இரண்டு ஆண்டுகள் நடந்ததா, நான் சேரும் ஆண்டில் யார் நடத்துவார், எத்தனை பேருக்கு இடம், என்னுடைய மற்ற பாடங்களோடு நேரம் மோதுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வரும். அட்மிஷன் கிடைத்த பிறகு இன்னொரு முறை கேளுங்கள், ஏனென்றால் விடுப்பெல்லாம் அதற்குள் முடிவாகியிருக்கும். 'இன்னும் தெரியாது' என்று பதில் வந்தாலும் நல்லதுதான். அந்த ஒரு பாடத்தை மட்டும் நம்பிப் போகக் கூடாது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பெரிய பெயரைத் தேடி அலைவது

ஓய்வுபெற்ற நீதிபதியிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க மூன்று மாதம் அலைகிறார்கள். அவருக்கு உங்கள் முகம்கூட நினைவிருக்காது. உங்கள் டிராஃப்டைச் சிவப்பு மையால் திருத்தித் திருத்திக் கொடுத்த சீனியரிடம் கேளுங்கள்.

வெட்டி ஒட்டும் பழக்கத்தோடு போவது

இங்கே பழைய மனுவை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றித்தான் தொழிலே கற்றுக்கொள்கிறோம். தீர்ப்பில் இருக்கும் பத்தியை அப்படியே வாதத்தில் போடுகிறோம். அங்கே மேற்கோள் குறியும் அடிக்குறிப்பும் இல்லாமல் நாலு வரி எடுத்தாலும் அது திருட்டு. என் முதல் கட்டுரையை ஆசிரியர் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அது மதிப்பெண் இல்லாத பயிற்சிக் கட்டுரை என்பதால் தப்பித்தேன். ஆக்ஸ்ஃபோர்டு உருவாக்கிய ஆஸ்கோலா அடிக்குறிப்பு முறையைத்தான் அங்கே பெரும்பாலும் கேட்பார்கள். அதை இங்கிருந்தே பழகிவிட்டுப் போங்கள்.

எல்எல்எம் முடித்தால் அங்கேயே வக்கீல் ஆகலாம் என்று நினைப்பது

ஆக முடியாது. அங்கத்து வக்கீல்களில் ஒரு வகையான சொலிசிட்டர் ஆவதற்கு 2021 முதல் எஸ்க்யூஇ என்று தனித் தேர்வு இருக்கிறது. செவனிங்கில் போனால் படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

பிசிஎல் என்றால் இளங்கலை என்று ஒதுக்குவது

ஆக்ஸ்ஃபோர்டின் சட்டப் படிப்பான பிசிஎல், பெயரில் 'பேச்சலர்' என்று இருந்தாலும் முதுநிலைப் படிப்பு.

ஜே.என். டாடா நிதியை இலவசம் என்று எண்ணுவது

மேற்படிப்புக்கு அவர்கள் தருவது கடன். திருப்பிக் கட்ட வேண்டும்.