சர்க்கரை சென்சார் ஒட்டியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் வேலை பார்க்கும் சர்க்கரை நோய் கிளினிக்குக்கு, மேல்கையின் பின்புறம் வட்டமான சென்சாரோடு வருபவர்கள் இப்போது அதிகம். விரலைக் குத்தாமலே சர்க்கரை அளவு இரவும் பகலும் போனில் தெரிகிறது. அருமையான கருவி. டைப் 1, அதாவது உடலில் இன்சுலினே சுரக்காத வகைச் சர்க்கரை நோய் உள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அது எவ்வளவு பெரிய துணை என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் புதிதாக ஒட்டியவர்கள் அதே சில இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். ஆரம்ப நாட்களில் நாங்களும் சறுக்கிய இடங்கள்தான். போனில் சார்ஜ் இருக்கட்டும், காலாவதித் தேதியைப் பாருங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை.

ஊசிக்கு மேல் ஊசி

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இந்தத் தவறைப் பார்க்கும்போதுதான்.

ஒரு வீட்டில் நடந்தது. பையனுக்குப் பன்னிரண்டு வயது, டைப் 1. கல்யாண வரவேற்பில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறார்கள். இரவு பத்தரைக்கு சென்சார் 280 காட்டியது, அம்புக்குறி மேல்நோக்கி. அப்பா மூன்று யூனிட் இன்சுலின் போட்டார். அதுவரை கணக்கு சரி. முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 290. பயந்துபோய் இன்னும் மூன்று யூனிட். பன்னிரண்டு மணிக்கு 260. இறங்கவே மாட்டேன் என்கிறதே என்று மேலும் இரண்டு போட்டுவிட்டுப் படுத்தார். விடியற்காலை மூன்று மணிக்குப் பையனுக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். கீழே இறங்கினால் அடிக்கும் அலாரத்தை மண்டபத்தில் அணைத்தவர்கள் திரும்பப் போடவே இல்லை.

அந்த அப்பா அலட்சியமானவர் இல்லை. மகன்மேல் உள்ள அக்கறையில்தான் நள்ளிரவு வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் போனவை இரண்டு.

ஒன்று, சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் போகும் மெல்லிய இழை, செல்களுக்கு நடுவே இருக்கும் திசு நீரைத்தான் தொடுகிறது. இழையில் பூசியிருக்கும் நொதி அங்குள்ள குளுக்கோஸோடு வினைபுரியும்போது உண்டாகும் சிறு மின்னோட்டம்தான் போனில் எண்ணாகத் தெரிகிறது. ரத்தத்தில் நடக்கும் மாற்றம் திசு நீருக்கு வந்து சேர ஐந்து முதல் பத்து நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும்.

இரண்டாவதுதான் பெரியது. வேகமாக வேலை செய்யும் இன்சுலின்கூட ஆரம்பிக்கவே பத்து, பதினைந்து நிமிடம் எடுக்கும். உச்சத்துக்கு வர ஒன்று முதல் இரண்டு மணி நேரம். அதன் வேலை முடிய நான்கு மணி நேரம்வரை ஆகும். விருந்துச் சாப்பாட்டில் எண்ணெயும் நெய்யும் அதிகம் என்பதால் சர்க்கரை மெதுவாக, வெகுநேரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆக, அப்பா இரண்டாவது ஊசியை எடுத்தபோது முதல் ஊசி பாதி வேலையைக்கூடச் செய்திருக்கவில்லை. அந்தப் பையனுக்கு ஒரு யூனிட் ஏறத்தாழ 50 இறக்கும். எட்டு யூனிட் என்றால் 400. இருந்ததோ 290தான்.

சென்சாரை ஒட்டி, செயலியை ஏற்றிக் கொடுத்து, பணம் வாங்கிக்கொண்டு போனவர் இதை ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். என் ஆத்திரமெல்லாம் அங்கேதான். முன்பு விரலைக் குத்திப் பார்க்கிற வலி இருந்தது, அதனால் இரண்டு, மூன்று மணி நேரம் பொறுத்தார்கள். இப்போது நிமிடத்துக்கு நிமிடம் எண் தெரிகிறது, கை தானாக ஊசிக்குப் போகிறது.

போனைப் பார்த்து இன்சுலின் போடும் முன், கடைசியாக எப்போது, எத்தனை யூனிட் போட்டோம் என்று பாருங்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆகவில்லை என்றால், மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டம் இல்லாமல் அடுத்த ஊசி வேண்டாம். படுக்கப்போகும் நேரத்தில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. டைப் 1 உள்ளவருக்கு 250க்கு மேலேயே நிற்கிறது, வாந்தியும் வருகிறது என்றால் நீங்களாக யூனிட்டைக் கூட்டிக்கொண்டிருக்காதீர்கள். கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்த்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இறங்கும்போதும் இதே கதைதான். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அப்புறம் 15 நிமிடம் காத்திருப்பது என்பது விதி. அதற்குள் ரத்தத்தில் ஏறியிருக்கும், சென்சார் இன்னும் 62 காட்டும். பதறிப்போய் இனிப்பை அள்ளிச் சாப்பிட்டு 300க்குப் போய், அதை இறக்க ஊசி போட்டு மறுபடியும் கீழே விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் கையைக் கழுவிவிட்டு விரலில் குத்திப் பாருங்கள். படபடப்பு, வியர்வை, நடுக்கம் இருந்து சென்சார் 110 என்று காட்டினாலும் அதையே செய்யுங்கள்.

எண்ணெய் தேய்த்த கையில் ஒட்டுவது

நிற்காது.

சென்சார் ஒட்டிய கைமேல் படுப்பது

இழையைச் சுற்றியுள்ள இடம் அழுந்தினால் எண் பொய்யாக இறங்கும். நள்ளிரவில் 55 என்று அலாரம் அடித்தால், முதலில் புரண்டு படுத்து, விரலில் குத்திப் பாருங்கள்.

வைட்டமின் சி மாத்திரை

சில சென்சார்களில் நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. சளிக்காக அதிக அளவில் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எம்ஆர்ஐ ஸ்கேன்

போகும் முன் சென்சார் இருப்பதைச் சொல்லுங்கள்.

ஊசியே இல்லாத கடிகாரத்தை நம்புவது

தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. அப்படித் தானாகச் சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டிய சென்சாரின் எண்ணைக் கடிகாரத்தில் பார்ப்பது வேறு விஷயம், அதில் தவறில்லை. இதற்கு முன்பு 2001இல் குளுக்கோவாட்ச் என்ற கருவிக்கு அனுமதி கிடைத்தது. மெல்லிய மின்னோட்டத்தால் தோல் வழியே குளுக்கோஸை இழுத்து அளந்தது. தோல் சிவந்து எரிந்தது, வியர்த்தால் அளவு கிடைக்கவில்லை, கடைசியில் சந்தையிலேயே இல்லாமல் போனது. இன்சுலின் போடும் ஒருவர் அந்த மலிவுக் கடிகாரத்தைப் பார்த்து டோஸை முடிவு செய்தால் உயிருக்கே ஆபத்து.

ஒற்றை எண்ணைப் பார்த்துக் கலங்குவது

இட்லி சாப்பிட்டேன், 170 ஆகிவிட்டது என்று பயந்துபோய் வருகிறார்கள், சிலர் சர்க்கரை நோயே இல்லாதவர்கள். சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும். 2019இல் சர்வதேச நிபுணர்கள் ஒத்துக்கொண்ட அளவுகோல்படி, சர்க்கரை நோய் உள்ள பெரும்பாலானவர்களுக்கு நாளில் 70 சதவீத நேரம், அதாவது சுமார் 17 மணி நேரம், 70க்கும் 180க்கும் நடுவே இருந்தால் நல்லது. 70க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு வேறு. செயலியில் இருக்கும் 14 நாள் அறிக்கையைத் திறந்தால் இதெல்லாம் பட்டையாகத் தெரியும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது அந்த அறிக்கையோடு, எப்போது என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு எத்தனை யூனிட் போட்டோம் என்று எழுதிய நோட்டையும் எடுத்து வாருங்கள்.