டிரெண்டும் தனிப் பாணியும்: மின்னணு இசை அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னணு இசை அமைக்கத் தொடங்குபவருக்கு இரண்டு அறிவுரைகள் கேட்காமலேயே வந்து சேர்கின்றன. இப்போது எது ஓடுகிறதோ அதைச் செய்ய வேண்டும் என்பது ஒன்று. யாரையும் பின்பற்றாமல் தனக்கென்று ஒரு பாணியை உருவாக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் டிரெண்டும் தனிப் பாணியும் ஒன்றுக்கொன்று பகை என்றே வைத்துக்கொள்கிறார்கள். இந்த இசையின் வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

மும்பைத் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், அப்போது புதிதாக வந்திருந்த ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் கருவி, ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர் ஆகியவற்றைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். டிஸ்கோ அன்றைய மோகம்; அதை அவர் ஒதுக்கவில்லை. ராகத்தில் ஊறிய தன் காதையும் அதற்காக விட்டுக்கொடுக்கவில்லை. தட்டு அப்போது விலைபோகவில்லை. 2010-இல் அது மறுவெளியீடு கண்டபோதுதான், சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகை பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அதை ஒத்த ஓசை மும்பையில் ஒலித்திருக்கிறது என்று பலரும் வியந்தார்கள். அவர் டிரெண்டை மறுத்தவரும் அல்லர், அதில் கரைந்தவரும் அல்லர். இந்த இடத்துக்கு வந்து சேரவிடாமல் தடுக்கும் தவறுகள் சிலவற்றை இங்கே பார்க்கலாம்.

கருவியையே பாணி என்று நம்புவது

மிகப் பரவலான தவறு இதுதான். தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞர்களுக்குப் பின்னணியில் பேஸ் வாசிப்பதற்கென்று 1981-இல் சந்தைக்கு வந்த டிபி-303, அந்த வேலைக்குச் சரிப்படாததால் 1984-இல் தயாரிப்பே நின்றுபோன கருவி. அப்படிப் பழைய சாமானாக மலிவாகக் கிடைத்த ஒன்றைத்தான் சிகாகோவின் ஃபியூச்சர் குழுவினர் வாங்கி, ஒரு சிறு பேஸ் வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஓசையின் அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டரின் கட்டாஃப் (வடிகட்டல் தொடங்கும் இடம்), ரெசொனன்ஸ் (அந்த இடத்தில் தரும் அழுத்தம்) திருகுகளை விடாமல் திருப்பியபடி பதிவுசெய்தார்கள். 1987-இல் வெளியான அந்த டிராக்கே ஆசிட் ஹவுஸுக்கு அடித்தளமிட்டதாகக் கருதப்படுகிறது. மும்பையில் அந்தக் கருவியின் ஸ்லைடு வசதி ஸ்வரங்களை இழைத்துச் செல்ல உதவியது. சிகாகோவில் திருகைத் திருப்புவதே இசையாயிற்று. கருவி ஒன்றுதான், அதனிடம் கேட்கப்பட்டவை வேறு.

இன்று இது தலைகீழாக நடக்கிறது. ஓர் ஓசை வெற்றிபெற்றதும் அது பிரீசெட்டாகவும் (முன்கூட்டியே அமைத்துவைத்த ஓசை) சாம்பிள் பேக்காகவும் (பதிவுசெய்த ஓசைத் துண்டுகளின் தொகுப்பு) விற்பனைக்கு வந்துவிடுகிறது; வாங்குபவருக்கு முடிவு கிடைக்கிறது, அந்த முடிவுக்கு வந்த வழி கிடைப்பதில்லை. 1990-களின் பிற்பகுதியில் ரோலண்ட் ஜேபி-8000 வழியாகப் பரவிய சூப்பர்சா, சுருதி சற்றே விலகிய ஏழு ரம்பப்பல் வடிவ (saw) அலைகளை ஒன்றாகக் குவித்த ஓசை. அந்த விலகலின் அளவையும், ஃபில்டர் திறக்கும் இடத்தையும், எத்தனை அலைகள் போதும் என்பதையும் தானே அமைத்துப் பார்த்தவருக்கு அது ஒரு மூலப்பொருள். பட்டியலில் இருந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து ஸ்வரக் கூட்டுகளை (chords) வாசிப்பவருக்கு அது வேறொருவரின் கையெழுத்து. பிரீசெட்டைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு பிரீசெட்டையும் திறந்து, அது எதனால் அப்படி ஒலிக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு பயன்படுத்துவதே போதுமானது.

தாமதத்தைக் கணக்கில் கொள்ளாதது

தெற்கு லண்டனின் குரோய்டன் பகுதியில் 2000-களின் தொடக்கத்தில் உருவான டப்ஸ்டெப், நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 துடிப்பு, பாதி வேகத்தில் நடப்பதுபோல விழும் ஸ்நேர் டிரம் அடி, உடம்பில் அதிரும் மிகத் தாழ்ந்த ஓசையான சப்-பேஸ், அவற்றுக்கிடையே தாராளமான வெற்றிடம் என்று இருந்தது. 2010-ஐ ஒட்டி ஸ்க்ரில்லெக்ஸ் போன்ற இசையமைப்பாளர்கள் வழியே அமெரிக்காவில் அது பெருங்கூட்டத்துக்கான இசையானபோது, நடு அதிர்வெண்களில் உறுமும் பேஸ் முன்னுக்கு வந்தது. அந்த உறுமலை எழுப்பும் முறை காணொளிப் பாடங்களாகப் பரவி, வீட்டு அறைகளில் இருந்த பலரும் அதைக் கற்றுத் தேறியபோது, விழா மேடைகள் வேறு ஓசைகளைத் தேடிப் போயிருந்தன.

இதில் யாருடைய குற்றமும் இல்லை. ஓர் ஓசை நடன அரங்கில் கேட்கப்பட்டு, பதிவாக வெளிவந்து, பாடமாகி, சாம்பிள் பேக்காகி நம்மை அடைவதற்கே காலம் பிடிக்கிறது. அதன்பின் நாம் டிராக்கை முடித்து, லேபிளுக்கு அனுப்பி, அவர்கள் வெளியிடும் நாள்வரை காத்திருக்கவும் வேண்டும். நம் காதுக்கு இன்று புதிதாகத் தெரிவது, அதை உருவாக்கியவர்களுக்குப் பெரும்பாலும் பழையது.

பயிற்சிக்கும் வெளியீட்டுக்கும் வேறுபாடு காணாதது

பிறர் இசையை அப்படியே செய்துபார்ப்பது நல்ல பயிற்சி. பிடித்த டிராக் ஒன்றை மென்பொருளில் இட்டு, எந்தப் பாரில் (தாளச் சுற்றில்) என்ன நுழைகிறது, எது விலகுகிறது, தாளமும் பேஸும் முழுவீச்சில் வந்து விழும் டிராப்புக்கு முன் எவ்வளவு அமைதி விடப்படுகிறது என்று குறித்து, அதே கட்டமைப்பில் சொந்த ஓசைகளை நிரப்பிப் பார்த்தால் ஒரு பாடத்திட்டம் கற்றுத் தராததைக் கற்கலாம். சிக்கல், அந்தப் பயிற்சித் தாளையே படைப்பு என்று வெளியிடும்போது தொடங்குகிறது.

இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் எஃகு ஆலையில் வேலை செய்துகொண்டே இசை அமைத்தவர் ஜேலின். சிகாகோவில் பிறந்த, நிமிடத்துக்கு 160 துடிப்பு வேகம் கொண்ட ஃபுட்வொர்க் என்ற நடன இசையே அவருடைய தொடக்கம். அந்த வகையின் வழக்கப்படி ஒரு பழைய பாடலின் துண்டைச் சாம்பிள் செய்து அவர் அமைத்ததைக் கேட்ட தாயார், இதில் உன்னுடைய ஓசை எது என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டதாக அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். பிறர் பாடல்களைச் சாம்பிள் செய்வதை விட்டு, ஓசைகளைத் தாமே உருவாக்கும் பக்கம் திரும்பியது அதன் பிறகுதான். 2015-இல் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்பவருக்கு அந்தக் கேள்வியின் பயன் தெரியும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் ஃபுட்வொர்க்கை விட்டு ஓடவில்லை என்பது. வேகமும், உடைந்து உடைந்து விழும் தாள அடுக்கும் அதே மரபைச் சேர்ந்தவைதான். அவற்றை நிரப்பிய பொருள் மட்டும் அவருடையதாயிற்று.

மரபையும் மோகத்தையும் ஒன்றாக்கி இரண்டையும் எறிவது

டிரெண்டின் மீது வெறுப்பு கொண்டவர்கள் இந்தத் தவறில் விழுகிறார்கள். ஹவுஸ், டெக்னோ டிராக்குகளின் தொடக்கத்தில் 16 அல்லது 32 பார்கள் தாளம் மட்டும் ஓடுவது, டிஜே முந்தைய டிராக்கோடு அதை இணைத்துக் கலப்பதற்காக. அதை நீக்குவது புதுமை ஆகாது, டிஜேயின் பையில் இடம் இழப்பதுதான் மிச்சம். நடனத் தளத்துக்கென்று அமைக்காதவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இசை எங்கே ஒலிக்கப்போகிறது என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டால், எந்த வழக்கம் வேலைக்குரியது, எது வெறும் மோகம் என்பது பெரும்பாலும் தானே பிரிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்ளும் பிறர் டிராக்கான ரெஃபரன்ஸ் டிராக் விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. பேஸின் அளவையும் மிக்ஸின் சமநிலையையும் ஒப்பிடத்தான் அது தேவை. மெட்டையும் ஓசைத் தேர்வையும் அதனோடு ஒப்பிடத் தொடங்கினால் நம்முடையவை ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். ஒப்பிடும் முன் இரண்டின் ஒலியளவையும் சமமாக்க வேண்டும், ஏனெனில் சத்தமாக ஒலிப்பது எப்போதுமே மேலானதாகத் தோன்றும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாடல்களை ஏறத்தாழ மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்தி ஒலிக்கச் செய்வதால், பிறர் அளவுக்குச் சத்தம் வேண்டும் என்று மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச் சீரமைப்பில் ஒலியை நசுக்குவதற்கும் அங்கே பயனில்லை.

பாணியை முன்கூட்டியே அறிவிப்பது

முதல் பத்து டிராக்குகளை முடிப்பதற்குள் தன் பாணி இதுதான் என்று தீர்மானிப்பவர், அதன் பிறகு தன்னையே நகலெடுக்கத் தொடங்குகிறார். லண்டனைச் சேர்ந்த இசையமைப்பாளர் பரியல், 2007-இல் வெளிவந்த தம் இரண்டாவது ஆல்பத்தை, தாளக் கட்டங்கள் வரிசையாக நிற்கும் வழக்கமான சீக்வென்சர் இல்லாமல், சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலித்திருத்த மென்பொருளில் அலைவடிவங்களைப் பார்த்துப் பார்த்து அடுக்கியதாகச் சொன்னார். அவருடைய தாளங்கள் கட்டத்துக்கு முன்னும் பின்னும் சாய்ந்து விழுவதில் அந்த வேலைமுறைக்குப் பெரும் பங்கு உண்டு. தேவைக்கும் வசதிக்கும் ஏற்ப வேலை செய்ததில் பாணி விளைந்தது.

ஆகவே முடிந்த டிராக்குகள் சேர்ந்த பிறகு, அவற்றை ஒரே அமர்வில் கேட்டு, திரும்பத் திரும்ப வருவதைக் குறித்துக்கொள்வது பயனுள்ள வேலை. தாள அடிகளை நேர்நடையிலிருந்து சற்றே தள்ளிவைக்கும் ஸ்விங் அளவு 50 சதவீதம் என்றால் தாளம் நேராக நடக்கும், 66-ஐ எட்டினால் மும்மை நடையாகும். இரண்டுக்கும் இடையில் எந்த எண்ணில் கை அடிக்கடி நிற்கிறது, எந்த இடைவெளிகளில் மெட்டு நகர்கிறது, எதிரொலி எவ்வளவு நீள்கிறது என்று பார்க்கலாம். வேறு வழிகளையும் முயன்று பார்த்தபின் நிலைத்தது பாணி. மென்பொருள் திறக்கும்போதே இருந்த டெம்ப்ளேட்டால் நிலைத்தது பழக்கம். ஒரே டிராக்கை டெம்ப்ளேட் இல்லாமல் மறுபடி தொடங்கிப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

டிரெண்டை முயல ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளத் தேவையில்லை. மின்னணு இசையில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ரிச்சர்ட் டி. ஜேம்ஸ் ஏபெக்ஸ் ட்வின் என்ற பெயரோடு ஏஎஃப்எக்ஸ், பாலிகன் விண்டோ ஆகிய பெயர்களிலும், ஃபோர் டெட் என்று அறியப்பட்ட கீரன் ஹெப்டன் நடன அரங்குக்கான சில டிராக்குகளைக் கேஎச் என்ற பெயரிலும் வெளியிட்டிருக்கிறார்கள். விளம்பரத்துக்கோ நிகழ்ச்சிக்கோ இன்றைய மோகத்தில் ஒன்று வேண்டும் என்று கேட்டு வருபவருக்கு அதைத் தனிப் பெயரில் செய்து கொடுக்கலாம். அந்தப் பணியில் கற்ற நுட்பம் ஏதேனும் பிடித்துப்போனால், ஓசையை அங்கேயே விட்டு நுட்பத்தை மட்டும் சொந்தப் பெயருக்குக் கொண்டுவரலாம்.