பாதி அட்டையோடு நிறுத்திவிடாதீர்கள்

ஈரோட்டில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் எழுதிய சீட்டோடு வருகிறவர்களில் சிலர் ஒரே அட்டையோடு நின்றுவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து, இன்னும் வாடிய முகத்தோடு அதே சீட்டை நீட்டுவார்கள். "நாலு நாள் போட்டேனுங்க, வயிற்றைப் புரட்டியது, விட்டுவிட்டேன்" என்பார்கள். எனக்கு மனம் பதைக்கும்.

குமட்டல், தலைவலி, வாய் உலர்தல், வயிற்றுப்போக்கு எல்லாம் முதல் வாரத்திலேயே வரும். மனம் தெளிவதோ இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். தொல்லை முன்னால் வருகிறது, நன்மை பின்னால் வருகிறது. இதை யாரும் சொல்லாததால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள். தூக்கம் கெட்டால் காலையிலும், அசதியாக இருந்தால் இரவிலும் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் குமட்டல் அடங்கிவிடும்.

அடுத்தது, குணமானதும் நிறுத்திவிடுவது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களில், "முருகன் பார்த்துக்கொள்வான்" என்று மாத்திரையை வீட்டிலேயே விட்டுச் செல்பவர்கள் உண்டு. இரண்டு மூன்று நாளில் தலைசுற்றும். தலைக்குள் மின்சாரம் பாய்வது போலிருக்கும். எரிச்சலும் கெட்ட கனவும் வரும். இதற்கு அடிமையாகிவிட்டோம் என்று பொருள் இல்லை. பழகிய மருந்தை உடல் திடீரென்று இழந்ததன் விளைவுதான். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மஞ்சள் நட்டவருக்கு இந்தப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வேளை மறந்துவிட்டால் மறுவேளை இரண்டாகப் போடாதீர்கள்.

இதைத் "தூக்க மாத்திரை" என்று நம் ஊரில் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில அட்டைகளில் எஸ்சிட்டலோபிராமோடு குளோனசெபாமும் சேர்ந்திருக்கும். தூக்கம் தருவதும் பழக்கமாகிவிடக்கூடியதும் அந்தக் குளோனசெபாம்தான். நெடுநாள் போட்டுவிட்டு அதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எந்த அட்டை உங்கள் கையில் இருக்கிறது என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இதோடு மது கூடவே கூடாது.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபெனோ வாங்க வரும்போது இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். சேர்த்துப் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. மலம் கறுப்பாகப் போனால் காத்திருக்கக் கூடாது. டிரமடால் என்ற வலி மருந்தைச் சேர்த்துப் போடுவது இன்னும் ஆபத்தானது. நடுக்கம், காய்ச்சல், வியர்வை, படபடப்பு, தசைத் துடிப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அம்மிச்சி, அப்பாரு வயதுள்ளவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ரத்தக்கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை போடுகிறவராக இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைய வாய்ப்பு அதிகம். தடுமாறுகிறார், பேச்சு குழம்புகிறது என்றால் முதுமை என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

ஆண்கள் சொல்லத் தயங்குவது ஒன்று இருக்கிறது: தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது. பெண்களுக்கும் இது உண்டு. மனைவியிடம்கூடச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கர்ப்பம் தரித்த பெண்களும் தாமாக நிறுத்தாமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும். சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்பது அதன் பொருள். "பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே கவலைதானுங்க" என்று கேட்டாலும் நான் கொடுப்பதில்லை. அந்த அக்காவுக்கு, மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு இருந்தால் இந்த மாத்திரையே அவரைத் தூக்கமில்லாத, கட்டுக்கடங்காத வேகத்தில் தள்ளிவிடக்கூடும்.

இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் முதல் சில வாரங்களிலும், அளவு மாற்றும்போதும், தற்கொலை எண்ணம் கூடலாம். திருப்பூர் விடுதியில் தங்கி பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளைக்கு இந்த மாத்திரை தொடங்கியிருந்தால் தினமும் போனில் பேசுங்கள். பேச்சு மாறினால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நள்ளிரவானாலும் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.